வில்லை வளைக்குமுன்
மிதிலையில் நாணேற்றும்போது வில் ஒடிந்தது. இராமனுக்குச் சீதை கிடைத்தாள். வீட்டில் மரஞ்சீவி வில் செய்யும் நம் பிள்ளைக்கோ சிராய் தெறித்துக் கண்ணே போகலாம். வில்லைக் காலிடையே கொடுத்து முறுக்கி நாணேற்றுவதை நாம் ஒப்புவதில்லை. கோல் திருகும், வழுக்கினால் முகத்தில் அறையும்.

நாணின் கீழ்க்கண்ணியை நுனி வெட்டில் மாட்டுக. மேற்கண்ணி கோலில் தளர்வாகக் கிடக்கட்டும். வில்லினும் நீண்ட வேறொரு கயிற்றின் முனைகளை இரு நுனிகளிலும் இறுக்கி, எய்யும்போது வெளியே நோக்கும் புறம் மேலிருக்க, தொங்கும் கயிற்றை மிதித்துக் கைப்பிடியை மெல்லத் தூக்கினால் வில் வளையும். மறுகையால் மேற்கண்ணியை வெட்டினுள் தள்ளலாம். முகம் விலகியிருக்கட்டும். கண்ணிகள் இரண்டும் பொருந்தினவா என்று பார்த்தபின்னரே தளர்த்துக.

அம்பின்றி வெறும் நாணை இழுத்துவிடுதலும் ஆகாது. அம்பைச் செலுத்தவேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதனைப் பிளக்கக்கூடும்.