கல்யாணத்தோடு கதை முடிந்ததா?

"குடும்பப் பத்திரிகையில் கொலைக் கதையா?" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. இந்தத் தடவை நான் சொல்ல வந்த கொலை, உலகமெங்கும் பெண்கள் ஆசை ஆசையாகப் படித்த ஒரு கல்யாணக் கதைக்குள்ளேயே நடக்கிறது.

ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில எழுத்தாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதிரியாரின் மகள். கல்யாணமே செய்துகொள்ளாதவர். 1775-ல் பிறந்து 1817-ல், நாற்பத்தோரு வயதிலேயே காலமாகிவிட்டார். முழுசாக எழுதி முடித்த நாவல்கள் ஆறே ஆறு. 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம்கூட அவருடைய ஒரு நாவலைத் தழுவியதுதான். மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்குச் சித்தம் கலங்கிப்போக, அவருடைய மகன் பிரதிநிதியாக இருந்து 1811 முதல் 1820 வரை ஆண்டாரே, அதை 'ரீஜென்ஸி' காலம் என்கிறார்கள். இந்த நாவல்கள் அச்சில் வந்தது அந்தக் காலத்தில்தான்.

அவற்றில் எல்லோருக்கும் செல்லமானது, 1813-ல் வெளிவந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. ஐந்து பெண்களைப் பெற்ற அம்மா. ஆண் வாரிசு இல்லாததால் சொத்து தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும். அம்மாவுக்கு ராப்பகலாக மாப்பிள்ளைக் கவலை! இரண்டாவது பெண் எலிசபெத்துக்கும் பணக்கார டார்ஸிக்கும் முதலில் ஆகாது. பிறகு மனசு மாறி, கல்யாணம், சுபம்.

சுபம் போட்ட பிறகு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் தொடர்ச்சி எழுதியிருக்கிறார்கள். அதே பாத்திரங்களை வைத்து மர்மக் கதை எழுதுவது இப்போது தனி வகையாகவே ஆகிவிட்டது. அதில் பேர் பெற்றது பி.டி. ஜேம்ஸ் 2011-ல் எழுதிய 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'. அப்போது அந்த அம்மாளுக்குத் தொண்ணூற்றோரு வயது!

இவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பதினாறு வயதில் படிப்பு நின்றுபோனவர். கணவர் யுத்தத்திலிருந்து மனநோயோடு திரும்பினார். இரண்டு பெண் குழந்தைகள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே, விடியற்காலையில் எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் எழுதுவாராம். முதல் நாவல் வெளிவந்தது 1962-ல், நாற்பத்திரண்டாவது வயதில். "இனிமேல் என்ன இருக்கிறது நமக்கு" என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கதைக்கு வருவோம். எலிசபெத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், இரண்டு பையன்கள். பெம்பர்லி மாளிகையில் மறுநாள் பெரிய நடன விருந்து. வீடே ஏற்பாட்டில் மும்முரமாக இருக்கிறது. காற்று சுழன்றடிக்கும் அந்த ராத்திரியில் ஒரு கோச் வண்டி தலைதெறிக்க வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா அலறிக்கொண்டு இறங்குகிறாள், தன் புருஷனை யாரோ கொன்றுவிட்டதாக! விளக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனால், செத்துக் கிடப்பது புருஷன் விக்கம் அல்ல, அவனுடைய சிநேகிதன். பக்கத்தில் ரத்தக் கறையும் குடிபோதையுமாக விக்கம், தானே அவனைக் கொன்றுவிட்டதாகப் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

கொன்றது அவன்தானா? அதை நான் சொல்ல மாட்டேன்! ஆனால் சுற்றியுள்ள சட்ட விஷயங்கள் ரொம்ப ஸ்வாரஸ்யம். லண்டனில் முறையான போலீஸ் படை வந்ததே 1829-ல்தான். அதற்கு முன்னால் கிராமப்புறத்தில் விசாரணை நடத்துவது அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர். அவர்தான் மாஜிஸ்ட்ரேட். இங்கே டார்ஸியே மாஜிஸ்ட்ரேட். பிணம் கிடப்பது அவருடைய தோப்பில். மாட்டிக்கொண்டவன் அவருடைய சொந்தச் சகலை! தானே விசாரிக்க முடியுமா? பக்கத்து மாஜிஸ்ட்ரேட்டைக் கூப்பிடுகிறார். கொலைக் குற்றவாளிக்காக வக்கீல் எழுந்து ஜூரியைப் பார்த்துப் பேசும் உரிமையும் 1836-ல்தான் வந்தது.

இங்கிலீஷில் நான் ஹைஸ்கூல் மட்டும்தான். பக்கத்துக்கு நாலு தடவை டிக்‌ஷனரியைப் புரட்டி, கூடவே மூல நாவலையும் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அப்போது என் மனசில் உறைத்த விஷயத்தைச் சொல்கிறேன்.

யார் இந்த விக்கம்? மூல நாவலிலேயே, டார்ஸியின் தங்கை ஜார்ஜியானாவுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, அவளுடைய முப்பதாயிரம் பவுன் சீதனத்துக்காக நைச்சியமாகப் பேசி அழைத்துக்கொண்டு ஓடப் பார்த்தவன். கடைசி நிமிஷத்தில் தப்பினாள். தங்கை பேர் கெட்டுவிடுமே என்று டார்ஸி வாயைத் திறக்கவில்லை. பிறகு எலிசபெத்துக்கு இது தெரிய வருகிறது. அவளும் அக்காவும் கலந்து பேசி, வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவு? ஒன்றும் அறியாத லிடியா, அதே விக்கமோடு ஓடிப்போகிறாள்.

அப்புறம் என்ன, தேடிப் பிடித்து, அவனுடைய ஆயிரம் பவுனுக்கு மேற்பட்ட கடனை அடைத்து, அவள் பேரில் இன்னும் ஆயிரம் பவுன் எழுதி வைத்து, அவனுக்குப் பட்டாளத்தில் உத்தியோகமும் வாங்கிக் கொடுத்துத் தாலி கட்ட வைத்த மாதிரிதான்! பதினாறு வயசுப் பெண், "எனக்குத்தான் முதலில் கல்யாணம் ஆச்சு" என்று பெரிய அக்காவைத் தள்ளிவிட்டு முன்னால் நடக்கிறாள். அம்மாவுக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. நாமும் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஆஸ்டின் அம்மாள் அதையும் விட்டுவிடவில்லை. கடைசி அத்தியாயத்தில் போகிற போக்கில் சொல்லி வைத்திருக்கிறார். விக்கமுக்கு மனைவி மேல் இருந்த பிரியம் சீக்கிரமே வற்றிப்போகிறது. வீடு மாற்றி வீடு மாற்றித் திரிகிறார்கள். வரவுக்கு மேல் செலவு. எலிசபெத் தன் சொந்தச் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்துத் தங்கைக்குப் பணம் அனுப்புகிறாள். நம் வீட்டுச் சிறுவாட்டுக் காசு மாதிரி!

ஜேம்ஸ் கையில் எடுத்தது இந்த மிச்சக் கதையைத்தான். பெம்பர்லியில் வழக்கு நடக்க நடக்க, மானம் போய்விடும் என்று மூடி வைத்த ஒவ்வொன்றும் வெளியே வருகிறது. கொலை என்பது ஒரு சாக்கு. கதை கேட்பதெல்லாம், லிடியாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தது அவளுக்காகவா, ஊர் வாயை மூடுவதற்காகவா என்பதுதான்.

கிளாடியா கிரே என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'தி மர்டர் ஆஃப் மிஸ்டர் விக்கம்' (2022) இன்னும் லேசான நடை. 1820-ல், எம்மாவும் நைட்லியும் தங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளை அழைக்கிறார்கள். ஆஸ்டினின் வேறு வேறு நாவல்களின் தம்பதிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்! அழையாத விருந்தாளியாக விக்கம் வந்து நிற்கிறான். சரி, தலைப்பைப் பார்த்தாலே தெரிகிறதே! அங்கே இருக்கிற எல்லோருக்கும் அவன் மேல் ஆத்திரம். டார்ஸியின் மூத்த பையன் ஜோனதனும், பதினேழு வயது ஜூலியட்டும் துப்பு துலக்குகிறார்கள். பார்த்தீர்களா, இரண்டு எழுத்தாளர்களுக்கும் நிம்மதி தராத ஆள் அதே விக்கம்தான்.

"அருமையான நாவலில் ரத்தக் கறை பூசுவதா?" என்று சிலர் கோபப்படுவது நியாயம்தான். ஜேம்ஸே தன் புத்தகத்தின் ஆரம்பத்தில் ஆஸ்டினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். எனக்கும் ஒரு குறை உண்டு. எலிசபெத்தின் அந்தத் துடுக்குப் பேச்சு இதில் அடங்கிப்போய்விட்டது. கோர்ட்டும் விசாரணையுமாக ஆண்களே பாதிக் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும், நாம் சிரித்துவிட்டு மறந்த ஒரு பெண்ணை மறுபடி நினைக்க வைத்த புத்தகத்தைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் மூல நாவலைப் படியுங்கள், அப்போதுதான் ருசி. நேரமில்லாதவர்களுக்கு பி.பி.சி. 2013-ல் மூன்று பகுதிகளாக எடுத்த பெம்பர்லி தொடர் இருக்கிறது. வயசுப் பெண் இருந்தால் கூட உட்கார்த்தி வைத்துப் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் அவளிடம் பேசுங்கள். 'இன்னாரிடம் ஜாக்கிரதையாக இரு' என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டிய இடத்தில், நாம் 'குடும்ப மானம்' என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது நாம் இல்லை, ஒன்றும் தெரியாத அடுத்த பெண். டார்ஸி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எலிசபெத் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லிடியா அந்த வண்டியில் ஏறியிருப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.