வீட்டிலிருந்தே தொழில் செய்யலாம், வீடு யார் தருவார்?

“வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். ஒரு லேப்டாப், இணைய வசதி போதும். குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம்.” இப்படிச் சொல்லும் காணொலிகளை நம்பித்தான் நானும் தொடங்கினேன். மூன்று வருடங்களாக அம்பத்தூரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அந்தக் காணொலிகள் சொல்லாத ஒன்று உண்டு. முதலில் வீடு கிடைக்க வேண்டும்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்பதால் இங்கே வந்தவர். பட்டறையிலும் சாதி இருந்தது. ஆனால் உள்ளே போக யாரும் அவர் சாதியைக் கேட்கவில்லை. என் தலைமுறையில் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. சாதி மிகக் கவனமாகக் காவல் காக்கும் இடமும் அதுதான்.

வாடிக்கையாளர் ஒருவர் ஜிஎஸ்டி பில் கேட்டார். பதிவு செய்ய வாடகை ஒப்பந்தமும், ஓனர் பெயரிலுள்ள கரண்ட் பில் நகலும் வேண்டும். ஓனரம்மாவிடம் போனேன். “தப்பா நினைக்காதம்மா, நீங்க என்ன ஆளுங்க?” என்றார். சொன்னேன். கையெழுத்து வரவில்லை. அடுத்த வாரம், “பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்” என்றார். வீட்டோடு என் அலுவலகமும் போயிற்று. ஆவடியில் ஏழு வீடு பார்த்தேன். நான்கு இடங்களில் முதல் கேள்வி, “நான்வெஜ் சமைப்பீங்களா?” என் சாதியை அறிய அவர்களுக்கு அதுவே போதும்.

2024 மார்ச்சில் சொமேட்டோ சைவ உணவுக்குத் தனிப் படை அறிவித்து, பச்சைச் சட்டையை மறுநாளே கைவிட்டது. வேறு சட்டை போட்டவர் வாசலுக்கு வந்தால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு உரிமையாளர்களிடம் சிக்கல் வரலாம் என்பதையும் அதன் தலைவரே ஒரு காரணமாகச் சொன்னார். நாங்கள் கத்திச் சொன்னால் கேட்காத உண்மை அது.

தீண்டாமையின் பெயரால் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் “பையனுக்குக் கல்யாணம்” என்ற பொய்யை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லும் தமிழ்நாட்டின் 2017 சட்டத்திலேயே, சாதியும் உணவும் கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும். காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பை ஓனர் மேல் வைக்க வேண்டும்.

“என் வீடு, என் இஷ்டம்” என்பார்கள். முற்போக்குத் தோழர்களே, இதே வசனத்தை நம் வீட்டு ஆண்களும் பேசுகிறார்கள். 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏழு வீடு ஏறி இறங்கியதும் நான்தான். அன்று இரவு சோறு வடித்ததும், அதன்பிறகு கணக்கு முடித்ததும் நான்தான். இரண்டு அநியாயமும் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்றே: “இது எங்க வீட்டு விஷயம்.”

வீட்டு விஷயமாக இருந்தால் என்ன? அதைத் தெருவுக்குக் கொண்டுவருவோம்.