உங்கள் காது என்ன சொல்கிறது?



ராக் இசை பற்றி ஊர் ஒத்துக்கொள்ளாத கருத்து ஒன்று உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். இத்தனை கோபத்தையும் இத்தனை பிரியத்தையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பீட்டில்ஸ் 1970இல் பிரிந்ததே நல்லது என்கிறார் ஒருவர். சிட் பாரெட் போனதோடு பிங்க் ஃப்ளாய்ட் முடிந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் காதிலேயே விழவில்லையே, அதைப் போய் எப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள் என்று ஒரு வாசகி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்தோம். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. ஊரோடு ஒத்துப்போகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பதை வைத்து ஒரு கருத்தை எடைபோட முடியாது. எழுதியவர் அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்டாரா என்பதுதான் முக்கியம். மெட்டாலிகா கடிதம் எழுதிய வாசகி கேட்டிருக்கிறார். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் பேஸைத் தேடினார் என்று குறித்திருக்கிறார். அந்த ஆல்பத்தை உயிராக நினைப்பவர்கள்கூட அவரோடு உட்கார்ந்து பேசலாம்.

கேட்காமல் எழுதியதற்கும் உதாரணம் உண்டு. ரிங்கோ ஸ்டார் சுமாரான ட்ரம்மர், அதிர்ஷ்டத்தால் பீட்டில்ஸில் ஒட்டிக்கொண்டவர் என்று பல கடிதங்கள். அவர் பீட்டில்ஸிலேயே சிறந்த ட்ரம்மர் கிடையாது என்று ஜான் லெனனே சொன்னாராமே என்பதுதான் எல்லோரும் காட்டும் சாட்சி. லெனன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. பீட்டில்ஸ் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் துருவிவரும் மார்க் லூயிசன் அந்த வரியின் ஊற்றைத் தேடிப்போனபோது, அது 1981இல் பிபிசி வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் அகப்பட்டது. லெனன் சுடப்பட்டு இறந்தது 1980 டிசம்பரில். வேறு யாரோ எழுதிய வேடிக்கை, இறந்த மனிதரின் வாயில் ஏறி நாற்பது ஆண்டுகளாக உலா வருகிறது. கூடவே ஒரு நல்ல கலைஞரின் பெயரும் அடிபடுகிறது.

ரிங்கோ இடக்கைக்காரர். ஆனால் வலக்கைக்காரர்களுக்காக அடுக்கிய ட்ரம்ஸின் பின்னால்தான் உட்கார்ந்து வாசித்தார். ஒரு ட்ரம்மிலிருந்து அடுத்ததற்கு உருட்டிக்கொண்டு போகும்போது மற்றவர்களுக்குக் கை போகும் வழி ஒன்று, இவருக்கு வேறு. அதனால் நடுவில் ஒரு நூலிழை தாமதம் விழும். அந்தத் தாமதத்தில்தான் அவருடைய அழகு இருக்கிறது. 1966இல் ஒரு சிங்கிளின் பின்பக்கமாக வந்த ‘ரெயின்’ பாட்டைக் கேளுங்கள். பின்னணி இசையை வேகமாக வாசித்துப் பதிந்து, பிறகு டேப்பை மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு அடியும் கனத்து விழுகிறது. தான் வாசித்ததிலேயே தனக்குப் பிடித்தது அதுதான் என்று ரிங்கோ சொல்லியிருக்கிறார். அடுத்து ‘எ டே இன் த லைஃப்’. லெனன் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடைவெளியில் ட்ரம்ஸ் பதில் சொல்கிறது. தாளம் காட்டுவதோடு நின்றுவிடாமல், பாட்டுக்குள் இன்னொரு குரலாகவே நுழைந்துவிடுகிறார் ரிங்கோ.

1968 ஆகஸ்டில், ‘வெள்ளை ஆல்பம்’ பதிவின் நடுவே, மனம் கசந்து அவர் குழுவை விட்டே போய்விட்டார். பால் மெக்கார்ட்னி ட்ரம்ஸ் வாசித்து ஒன்றிரண்டு பாட்டுகளை ஒப்பேற்றினார். ரிங்கோ திரும்பி வந்தபோது அவருடைய ட்ரம்ஸ் முழுவதும் பூவால் மூடியிருந்தது. கூட வாசித்தவர்களுக்கு அவர் அருமை தெரிந்திருந்தது.

ஊரைக் கேட்டுவிட்டு நான் மட்டும் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. என் கருத்து இது: ஃப்ளீட்வுட் மேக்கின் ‘டஸ்க்’, அதே குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தைவிடப் பெரிய படைப்பு.

‘ரூமர்ஸ்’ வந்தது 1977 பிப்ரவரியில். அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 31 வாரம் முதலிடம். உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. குழுவுக்குள் ஜான் மெக்வீயும் கிறிஸ்டீன் மெக்வீயும் மணமுறிவில் இருந்தார்கள். லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் அதே கதை. அத்தனை ரணத்தையும் மெருகேற்றி, ஒரு பிசிறு இல்லாமல் தந்தார்கள். மேலே மேலே பதிந்து, திரும்பத் திரும்ப ஓட்டியதில் மூல டேப்பே தேய்ந்து, ட்ரம்ஸின் கூர்மை மழுங்கத் தொடங்கிவிட்டதாம். நல்லவேளையாக முன்னமே எடுத்துவைத்த பிரதி ஒன்று காப்பாற்றியது. அந்த ஆல்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் ஒரு பாட்டைக்கூட வேண்டாம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

ஆனால் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்திருக்கலாம். கம்பெனியும் அதைத்தான் எதிர்பார்த்தது. பக்கிங்ஹாம் மாட்டேன் என்றார். பங்க் இசையும் நியூ வேவும் அவர் காதைத் திறந்துவிட்டிருந்தன. வீட்டிலேயே பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை ட்ரம்மாகத் தட்டினார். குளியலறை எதிரொலிக்காக அங்கேயே தரையில் கிடந்து பாடினார். ‘டஸ்க்’ என்ற தலைப்புப் பாட்டுக்கு, ஆளில்லாத டாட்ஜர் மைதானத்தில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு பேண்டை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு நிறுத்திப் பதிந்தார்கள். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த ராக் ஆல்பத்துக்கும் அவ்வளவு பணம் இறைத்ததில்லை என்றார்கள்.

1979 அக்டோபரில், இரண்டு தட்டில் இருபது பாட்டு, விலை கிட்டத்தட்ட 16 டாலர். விற்றது சுமார் 40 லட்சம் பிரதி. வேறு குழுவாக இருந்தால் திருவிழா எடுத்திருப்பார்கள். இவர்களுக்கு அது தோல்வி என்று எழுதப்பட்டது. வெளியீட்டையொட்டி வானொலி நிலையங்கள் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்ப, மக்கள் கேசட்டில் பிடித்துக்கொண்டார்கள், அதனால்தான் விற்கவில்லை என்று மிக் ஃப்ளீட்வுட் வருத்தப்பட்டார்.

முதல் இரண்டு பாட்டை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்டீன் பாடும் ‘ஓவர் அண்ட் ஓவர்’, இரவு வெகுநேரம் கழித்து யாரிடமோ கெஞ்சுவது போல மெதுவாக நகர்ந்து முடிகிறது. மூச்சுவிட நேரம் தராமல் ‘த லெட்ஜ்’ வந்து மோதுகிறது. முரட்டுக் கிட்டார், நெருக்கியடிக்கும் குரல்கள், இரண்டு நிமிடச் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும். பாதியில் கோளாறு ஆகிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். ‘ரூமர்ஸ்’ பிரிவைப் பற்றிப் பாடுகிறது, ஆனால் எல்லோரும் ஒரே அறையில் சமாதானமாக உட்கார்ந்து பாடுவது போலவே ஒலிக்கிறது. ‘டஸ்க்’ அப்படி ஒலிக்க மறுக்கிறது. பாட்டெழுதும் மூன்று பேர் மூன்று திசையில் போவது பாட்டுக்குப் பாட்டு காதில் விழுகிறது. அதுதான் அவர்களுடைய அன்றைய நிலைமை. இந்தப் பிரியம் எனக்கு மட்டும் இல்லை: 2002இல் கேம்பர் வான் பேத்தோவன் என்ற குழு இந்த ஆல்பம் முழுவதையும் தங்கள் பாணியில் வாசித்து வெளியிட்டது.

பழைய விமர்சகர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 1969இல் லெட் ஜெப்பலினின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் ஜான் மெண்டல்சன் கிழித்து எழுதினார். ஜிம்மி பேஜ் தேர்ந்த கிட்டார்காரர், ஆனால் பாட்டெழுதுவதில் பலவீனம் என்பது அவர் வாதம். இன்றும் அதைக் காட்டி அவரைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்தக் கேலியில் சேர எனக்கு மனமில்லை. அதிலுள்ள ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ பேஜின் பெயரில் மட்டுமே வந்தது. அதற்கு முன்பே அதே தலைப்பில் பாட்டு வெளியிட்டிருந்த ஜேக் ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்து, சமரசத்துக்குப் பிறகுதான் அவர் பெயரும் சேர்ந்தது. அன்று விமர்சகரின் காதில் உறுத்தியது வெறும் பொறாமையாக இருக்க முடியாது.

அடுத்த இதழுக்கு ஒரே பாட்டை எடுத்துக்கொள்வோம்: பீட்டில்ஸின் ‘த லாங் அண்ட் வைண்டிங் ரோட்’. 1970 ஆல்பத்தில் ஃபில் ஸ்பெக்டர் வயலின் கூட்டத்தையும் பெண் குரல்களையும் அதன்மேல் ஏற்றினார். பாட்டை எழுதிய மெக்கார்ட்னிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தக் கோபம் நீதிமன்றம் வரை போனது. 2003இல் அதெல்லாம் இல்லாமல், 1969 ஜனவரியில் வேறொரு நாள் பாடிய பதிவோடு இன்னொரு வடிவம் வந்தது. இரண்டையும் கேளுங்கள். ஸ்பெக்டர் கெடுத்தாரா, காப்பாற்றினாரா? எந்த வரியில், எந்த நொடியில் உங்கள் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது என்று குறித்து எழுதுங்கள். மெக்கார்ட்னி என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்