நந்தி விலகியது, மதில்?

பேரின்ப வேட்கை, ஆன்ம விழிப்பு, பிறவிப் பெருங்கடல் கடக்கும் பெருந்தாகம் என்றெல்லாம் உருகிப் பேசுவோர், எடுத்துக்காட்டத் தவறாத பெயர் நந்தன். ஆதனூர்ச் சேரியிலே பிறந்தவன். தில்லையைக் காணத் துடித்தவன். 'நாளைப் போவேன்' என்றே நாள்களைக் கழித்தவன். அந்தத் தாகத்தை நான் இகழவில்லை. மண்ணில் மிதிபட்டவன் விண்ணை நோக்கியதில் வியப்பென்ன? தாகத்தை மெச்சுகிற வாய், தடுத்த கையைப் பற்றி ஊமையாகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். கோயில் முரசுக்குத் தோல் தந்தவன் நந்தன். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தந்தவன் நந்தன். செத்த மாட்டின் தோல் உள்ளே சென்றது. அதைப் பதப்படுத்திய உயிருள்ள மனிதன் வெளியே நின்றான்! திருப்புன்கூரிலே இறைவன் நந்தியை விலகச் செய்தாராம். கல்லெருது விலகிற்று, நந்தன் கண்டு களித்தான். எங்கிருந்து? வெளியிலிருந்துதான்! எருதை நகர்த்திய அருளுக்கு அவனை உள்ளே அழைக்க மனம் வரவில்லை.

தில்லையிலோ, எல்லையைச் சுற்றிச் சுற்றிச் சோர்ந்தவனுக்குக் கனவு வந்தது. மூவாயிரவருக்கும் வந்தது. கதவைத் திறவுங்கள் என்றா? இல்லை, தீயை மூட்டுங்கள் என்று! தெற்கு வாயிலுக்கு வெளியே குழி எரிந்தது. எழுந்தவன் மார்பிலே பூணூல், தலையிலே சடை. ஆக, உள்ளே போனவன் சேரி நந்தன் அல்லன். அவன் குழியோடு சரி. "ஐயா, வாயில் நுழைய மற்ற நாயன்மாரும் தீக்குளித்தார்களா?" என்று என் வகுப்பு மாணவன் கேட்டான். பாடநூலில் அவனுக்கு விடை இல்லை.

19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையில் வேதியப் பண்ணையாரையும் சேர்த்தார். விடுப்புக் கேட்டவனிடம், நாற்பது வேலியை விளைவித்துவிட்டுப் போ என்றார் அவர். ஒரே இரவில் விளைந்ததாம்! ஆண்டவன் நிரப்பியது யாருடைய களஞ்சியத்தை? ஆண்டையின் களஞ்சியத்தை!

சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு வழிவிட்டது 1947ஆம் ஆண்டுச் சட்டம். எவருடைய கனவும் அன்று. அதன் பின்னும், 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், ஒடுக்கப்பட்டோர் நுழைவதை எதிர்த்து எழுந்த பூசலால் திரௌபதி அம்மன் கோயிலையே பூட்டி முத்திரையிட நேர்ந்தது. உருக்கமாய்க் காலட்சேபம் செய்யும் பெரியோர்களே, அந்த ஊர்த் தெருக்களிலே நந்தன் கதையைச் சொல்லுங்கள். சேரியிலே மட்டுமன்று, ஊரிலேயும் சொல்லுங்கள். குழி வெட்டியவர்கள் யார் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.