சமைத்தால் தீட்டு, மிச்சம் கொடுத்தால் புண்ணியமா?

சென்ற ஆண்டு உணவு விரயம் பற்றிய ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தேன். நூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள். வந்தது அறுபது பேர். மாலை மூன்று மணிக்கு, அரங்கத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காக்களை வரிசையில் நிறுத்தி, மீந்த சோற்றையும் சாம்பாரையும் ஒரே பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் அதைப் படம் எடுத்தார். ‘இன்று ஒரு பருக்கைகூட வீணாகவில்லை’ என்று மேடையில் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிரவு பாட்டியின் ஞாபகம் வந்தது. பண்ணை வேலை முடிந்து, கொல்லைப்புறத்தில் சட்டியை நீட்டிப் பழைய சோறு வாங்கி வந்தவர் அவர். “மிச்சத்த அள்ளிக் குடுத்த கை, கூலிய ஒருநாளும் கூட்டிக் குடுக்கல” என்பார்.

உணவு விரயத்தின் பொருளாதாரமும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு. ஓட்டல், கேன்டீன் போன்ற உணவுச் சேவைகள் 28. சில்லறைக் கடைகள் 12. கடைக்கு வருவதற்கு முன்பே அழிவது இந்தக் கணக்கில் சேராது. இந்தியாவில் 2022இல் வெளியான நாப்கான்ஸ் ஆய்வு, அறுவடைக்குப் பின் தக்காளியில் சுமார் 11.6 விழுக்காடும் கொய்யாவில் 15 விழுக்காடும் இழக்கப்படுவதாகச் சொல்கிறது.

இது யாருடைய அலட்சியம்? விலை விழுந்தால் பறிகூலிகூடக் கட்டாது. அதனால்தான் தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிறது. பக்கத்தில் குளிர்பதனக் கிடங்கு இருக்காது. ‘அடுக்கு காலியாகத் தெரியக்கூடாது’ என்று சூப்பர் மார்க்கெட் அதிகமாக வாங்கிக் குவிக்கும். ‘குறைந்துவிட்டால் கௌரவக் குறைச்சல்’ என்று கல்யாண மண்டபத்தில் கூடுதலாகச் சமைப்பார்கள். அதிகம் வாங்குவது, அதிகம் சமைப்பது என்று முடிவெடுப்பவர் ஒருவர். விடியற்காலையில் அழுகியதை அள்ளுபவர் வேறொருவர்.

அள்ளுபவரின் சாதி என்ன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குப்பையை உருவாக்குபவரே அதைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. ஆனால் கலந்து கொட்டியதைக் கையால் பிரிப்பது இன்றும் தூய்மைப் பணியாளர்தான். அவரது உழைப்பு மலிவாகக் கிடைக்கும்வரை, வீணாக்குவதும் மலிவாகத்தான் இருக்கும். சாதி இங்கே விரயத்துக்கு மானியம் கொடுக்கிறது.

இந்த நிலையில் ‘மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள்’ என்பது தீர்வாக முன்வைக்கப்படுகிறது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியையும் பிறர் தரும் எச்சில் சோற்றையும் கைவிடுங்கள் என்றார் அம்பேத்கர். அந்த மாநாட்டில் கூடியவர்கள்தான் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். எச்சிலை மறுத்ததும் பொதுக்குளத்தில் உரிமை கேட்டதும் ஒரே போராட்டம். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அந்தக் கை சமைத்தால் தீட்டு. அதே கையில் மிச்சத்தைக் கொடுத்தால் புண்ணியம்.

‘அப்படியானால் நல்ல உணவைக் குப்பையில் கொட்டச் சொல்கிறீர்களா?’ என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. பசி உண்மை. பரிமாறாத, கெடாத உணவு மனிதரைச் சேரத்தான் வேண்டும். அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறையே வெளியிட்டிருக்கிறது. நான் கூடுதலாக வைப்பது ஒரே ஒரு சோதனை: கொடுப்பவர் அந்த உணவைப் பெறுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாரா? மாட்டார் என்றால் அது தானம் அல்ல, கழிவகற்றல்.

ஆனால் மிச்சத்தைப் பங்கிடுவது கடைசிப் படிதான். முதல் படி, மிச்சத்தையே குறைப்பது. மண்டபங்களும் ஓட்டல்களும் சூப்பர் மார்க்கெட்டுகளும் தினமும் வீணாக்குவதை எடைபோட்டு வெளியிட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் தூய்மைப் பணியாளரின் பணிநிரந்தரத்துக்கும் ஊதியத்துக்கும் போக வேண்டும். விவசாயிக்குப் பறிகூலியாவது தேறும் கொள்முதல் விலையும், உள்ளூரில் கிடங்கும் வேண்டும். பசிக்கு விடை ரேஷன், சத்துணவு, காலை உணவு போன்ற உரிமைகளும் கௌரவமான கூலியும்தான். பாலிதீன் பை அல்ல.

அந்தக் கருத்தரங்குக்கு இந்த ஆண்டும் அழைத்திருக்கிறார்கள். அமைப்பாளருக்கு எழுதினேன்: “சாப்பாட்டுக்குத் தலை எண்ணும்போது அரங்கத்தைப் பெருக்கும் அக்காக்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மணிக்கு எங்களோடு தட்டெடுத்துச் சாப்பிடட்டும்.”

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.