கணக்கில் வராத வாசிப்பு

வேலை இல்லாத நாள்களில் நாங்கள் படிப்பதில்லை. கேட்பவர்களுக்கு இது விந்தையாக இருக்கலாம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்றால் காலையில் காபி, மடியில் ஒரு நாவல், மாலையில் மனம் வந்தால் இரண்டு பக்கம் எழுத்து என்றொரு சித்திரம் எங்கள் உறவினர்களிடையே பல்லாண்டுகளாக நிலவி வருகிறது. அதைக் கலைக்க நாங்களும் பெரிதாக முயன்றதில்லை. உண்மையில், கையில் வேலை இல்லாத நாள் முழுவதும் அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்று மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து மூடுவதிலேயே கழிந்துவிடுகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நாற்பது பக்கங்களை ஒப்படைத்தாக வேண்டிய இரவில்தான் கை தானாகப் புத்தக அலமாரியை நோக்கிப் போகிறது.

நாங்கள் என்று இங்கே குறிப்பிடுவது நால்வரை. ஒருவர் காப்பீட்டு ஆவணங்களையும் வாடகை ஒப்பந்தங்களையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாள்களையும் தமிழாக்குபவர். இன்னொருவர் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். மூன்றாமவர் பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறார். நான்காமவர் பெரிய மனிதர்களின் தன்வரலாறுகளை அவர்களுக்காக எழுதித் தருபவர். அவரைப் பற்றி இதற்குமேல் கூற அவருடைய ஒப்பந்தம் இடம் தராது.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் இன்னும் நல்ல பெயர் வாய்க்கவில்லை. 'சுதந்திர எழுத்தாளர்' என்று சொல்லிப் பார்த்தால் தியாகிகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தவரைப் போல் ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லோ, 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில், யார் கூலி கொடுத்தாலும் அவர்களுக்காக ஈட்டி ஏந்தும் படைவீரர்களைக் குறித்தது. அது எங்களுக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஒரே ஆண்டில் இரண்டு போட்டி நிறுவனங்களின் விளம்பர வாசகங்களை ஒரே கையால் எழுதியவர் எங்களில் உண்டு.

கெடு நெருங்க நெருங்க எங்களைப் பிடித்துக்கொள்ளும் வேடிக்கைகள் பலவகை. சப்டைட்டில் நண்பர் புத்தக அலமாரியை மறுபடி அடுக்குவார். ஒருமுறை ஆசிரியர் வரிசையில், மறுமுறை பதிப்பக வரிசையில், மனம் மிகவும் கலங்கியிருந்தால் உயர வரிசையில். காப்பீட்டு நண்பரிடம் மீட்டர் கேஜ் காலத்து ரயில்வே கால அட்டவணை ஒன்று இருக்கிறது. இன்று வண்டியே ஓடாத மாயவரம்–தரங்கம்பாடிப் பாதையில், மழைக்கால இரவில் எந்த நிலையத்தில் இறங்கினால் ஒதுங்க இடம் கிடைத்திருக்கும் என்பது அவருடைய நெடுநாளைய ஆராய்ச்சி. மெய்ப்பு நண்பருக்குப் பாம்புப் பஞ்சாங்கத்தின் பல்லி விழும் பலன். இந்த உறுப்பில், இடமா வலமா என்று பிரித்து அதில் சொல்லியிருக்கும் ஒழுங்கு, தாம் திருத்தும் அறிவியல் பாடநூல்களில் இல்லை என்பது அவர் கட்சி. தன்வரலாற்று நண்பர் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் திறந்து அங்கிருந்து படிக்கத் தொடங்குவார். தமக்குத் தெரியாத வெற்றிகளுக்கெல்லாம் புகழ் பெறும் சாம்புவைப் படித்துவிட்டுத் தம் வாடிக்கையாளரின் வரலாற்றுக்குத் திரும்புவது எளிதாக இருப்பதாகச் சொல்கிறார்.

இனிச் சொல்லப்போவது அவ்வளவு வேடிக்கையானதன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மெய்ப்பு நண்பர், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலைத் திரும்பப் படிக்க எடுத்தார். கல்லூரி நாள்களில் ஒரே மூச்சில் படித்த நாவல். இம்முறை முப்பது பக்கம் தாண்டியபோது கையில் பென்சில் இருப்பதைக் கண்டார். ஓரிடத்தில் ஒற்று மிகுந்ததைச் சுழித்திருந்தார். வேறோரிடத்தில் பத்தி பிரிக்கக் குறியிட்டிருந்தார். இவற்றையெல்லாம் எப்போது செய்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. சிகந்தராபாத்தும் கிரிக்கெட்டும் நிஜாம் ஆட்சியின் கடைசி நாள்களும் எதுவுமே உள்ளே இறங்கவில்லை. அன்றிரவு எங்களைத் தொலைபேசியில் அழைத்து, "எனக்குப் படிக்க வரவில்லை" என்றார். எழுத்துக்கூட்டத் தெரியாத சிறுவன் ஆசிரியரிடம் சொல்வதைப் போல இருந்தது அந்தக் குரல்.

நாங்கள் சிரிக்கவில்லை. ஏனெனில் எங்கள் மூவருக்கும் அந்த நோய் வேறு வேறு வடிவங்களில் இருந்தது. ஒருவர் எந்தத் தமிழ் வாக்கியத்தைப் படித்தாலும் அதன் ஆங்கில மூலம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறார். மூலமே தமிழாக இருந்தாலும். ஒருவர் உரையாடல் வந்தால் வரிக்கு எத்தனை எழுத்து, திரையில் எத்தனை நொடி என்று எண்ணுகிறார். ஒருவர் நல்ல தொடக்கம் எதைக் கண்டாலும் அதை எந்தத் தொழிலதிபரின் பிள்ளைப்பருவத்துக்குப் பொருத்தலாம் என்று பார்க்கிறார். படிப்பையே தொழிலாகக் கொண்டதால் படிப்பை இழந்தவர்கள் நாங்கள் என்பது அன்றுதான் வெட்டவெளிச்சமாயிற்று.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1930களின் நடுவில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தார். 1936இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்தத் தொழிலில் வாழ்நாளெல்லாம் இருக்க விரும்பாததற்கு உண்மையான காரணம், அங்கிருந்த காலத்தில் புத்தகங்கள்மேல் தமக்கிருந்த அன்பு போய்விட்டது என்பதுதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்தாண்டு கழித்து, கூலிக்கு மதிப்புரை எழுதுபவனின் அவலத்தை அவர் வரைந்த கட்டுரையைப் படித்த ஃப்ரீலான்ஸ்காரர் எவரும், அதில் வரும் மேசை தம்முடையது என்று சத்தியம் செய்வார்.

அதே ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'யைத் தமிழுக்குக் கொண்டுவந்த க.நா.சு. வேறுவகை. 1912 முதல் 1988 வரை நீண்ட வாழ்வில் பெரும்பகுதி அவரும் எழுத்தை நம்பியே காலம் தள்ளியவர். பணம் ஒருபோதும் போதிய அளவு வந்ததில்லை. ஆனால் செல்மா லாகர்லெவையும் க்னூட் ஹாம்சனையும் பேர் லாகர்குவிஸ்டையும் தமிழில் தாருங்கள் என்று இங்கே கூக்குரலிட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் தமக்காகப் படித்தார். படித்தது பொறுக்கமாட்டாமல் மொழிபெயர்த்தார். படிப்பு முன்னால் போயிற்று, பிழைப்பு பின்னால் மூச்சுவாங்க வந்தது. எங்களிடம் வரிசை தலைகீழாகிவிட்டது. க.நா.சு.வாக எங்களால் ஆக முடியாது. வீட்டுக் கடன் தவணை இருக்கிறது. எங்களுக்கு மிஞ்சியிருப்பது வேலையின் நடுவே திருடிப் படிப்பதுதான்.

அப்படித் திருடிய ஒரிரவைச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நண்பர் ஒரு வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 'தற்காலிகத் தங்குமிடம்' என்று எழுதியாகிவிட்டது. சட்டத்துக்கு அது போதும். ஆனால் இதற்கு ஒரே சொல் இருக்குமே என்ற அரிப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தார். (1924இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் இணைப்புத் தொகுதியும் பெற்ற அந்த அகராதி, தமிழ்நாட்டில் எத்தனை கெடுக்களைத் தின்றிருக்கும் என்று யாரேனும் ஆராயலாம்.) 'துச்சில்' என்ற சொல் கிடைத்தது, கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கும் இடம். அது இட்டுச்சென்றது 340ஆம் குறளுக்கு. உடம்பில் உயிர் குடியிருப்பதைப் பேசும் அக்குறளில் நிலையான வீட்டுக்குப் 'புக்கில்' என்ற சொல் எதிரே நிற்கிறது. அங்கிருந்து நிலையாமை அதிகாரம் முழுவதும். பிறகு 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபெப்ரீஷியஸ் அகராதியில் இந்தச் சொல் இருக்கிறதா என்ற ஐயம். மணி ஒன்றரை. ஒப்பந்தத்தில் 'தற்காலிகத் தங்குமிடம்' என்றே போயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருப்பவர் அவர். மறுநாள் எங்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நாங்கள் அந்த ஒப்பந்தத்துக்கான கூலி வந்த நாளில் பார்க்கவில்லை.

நூலகவியலின் தந்தை, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. பெரியவரோடு வாதிட எங்களுக்குத் தகுதி இல்லை. ஆயினும் உறவுள்ள நூல்களை அருகருகே நிறுத்தும் அவருடைய பகுப்புமுறையே, ஒன்றைத் தேடிப் போனவனைப் பக்கத்துத் தட்டில் மாலைவரை நிற்கவைத்துவிடுகிறது என்பதை அவர் அறியாதவராக இருந்திருக்க முடியாது.

இப்போது இந்த வழி அடைபட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி, இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததைத் திருத்துவது. கூலி குறைவு என்பது ஒருபுறம். சொல் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதால் அகராதியைத் திறக்க முகாந்திரமே இல்லை. எனவே கவனம் சிதறும்போது கை நேரே கைப்பேசிக்குப் போகிறது. வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சிகளை இழிவாகப் பேசும் உத்தேசம் எங்களுக்கு அறவே இல்லை. எங்களுடைய உரையாடலில் பாதி அவர் போட்ட பிச்சை. ஆனால் துண்டு துண்டாக நாற்பது நிமிடம் எதையெதையோ பார்த்த பிறகு என்ன பார்த்தோம் என்று சொல்ல முடிவதில்லை. 'துச்சில்' நான்கு ஆண்டுகளாக நினைவில் இருக்கிறது.

எங்களுக்கு அறிவுரை கூறுவோர் இருவகையினர். முதல்வகையினர் நேரமேலாண்மைக்காரர்கள். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று தக்காளியின் பெயரால் வழங்கும் முறையை ஒரு மாதம் முயன்று பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் தி.ஜானகிராமனைப் படிக்க முடியும் என்று நம்புபவர்களோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இரண்டாம் வகையினர் நம் இலக்கிய நண்பர்களே: எல்லா வாசிப்பும் எழுத்துக்கு உரம், எதுவும் வீண்போகாது என்பார்கள். இந்த வாதத்தை நாங்களும் வீட்டில் பயன்படுத்தியிருக்கிறோம். நல்ல பலன் தந்தது. என்றாலும் அது பொய் என்றே இப்போது நினைக்கிறோம். பல்லி விழும் பலன் எந்தப் பாடநூலையும் செம்மைப்படுத்தவில்லை. தரங்கம்பாடி ரயில் எந்தக் காப்பீட்டு ஆவணத்துக்கும் உதவவில்லை. உரம் என்று சொன்ன கணமே அந்த வாசிப்பையும் கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்துவிடுகிறோம். அடுத்த முறை நாவலை எடுக்கும்போது கையில் பென்சில் வந்துவிடுகிறது. எதற்கும் பயன்படாது என்று தெரிந்தே படித்த சில பக்கங்களில்தான் நாங்கள் பழைய வாசகர்களாக இருந்திருக்கிறோம்.

ஆனால் திருடுவது யாருடைய நேரத்தை என்ற கேள்வி இருக்கிறது. சென்ற ஆண்டு மெய்ப்பு நண்பர் 'மோகமுள்'ளில் விழுந்து மூன்று நாள் எழவில்லை. பாடநூல் மெய்ப்பு மூன்று நாள் தாமதமாகப் போயிற்று. பதிப்பகத்தார் ஒன்றும் சொல்லவில்லை. காசோலை தாமதமாவதும் அங்கே வழக்கம்தான், ஆகையால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்துக் காசோலை வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, அச்சகத்துக்குக் கொடுத்த தேதி மாறாததால் பக்க வடிவமைப்புச் செய்யும் பெண் இரண்டு இரவுகள் அலுவலகத்திலேயே இருந்து திருத்தங்களைப் போட்டிருக்கிறார் என்பது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளையும் உடன் அழைத்து வந்து இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்கவைத்திருந்தாராம். அந்தப் பெண் கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. "சார், அந்த வாரம் உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். நண்பர், "ஆமாம்மா, காய்ச்சல்" என்றார்.

அவர் இதை எங்களிடம் சொன்ன மாலையில் வெகுநேரம் வாதாடினோம். தமக்குப் பின்னால் வேறொருவர் காத்திருக்கும் வேலையில் இனிக் கைவைப்பதில்லை, தூக்கத்திலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அப்படிக் கணக்குப் பார்த்து எடுத்தால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும் என்பது தன்வரலாற்று நண்பரின் கட்சி. மற்ற இருவரும் மெய்ப்பு நண்பரின் பக்கம்தான் நிற்கிறோம், சற்றுச் சங்கடத்தோடு. அந்தப் பெண்ணின் இரவுகளை 'மோகமுள்'ளைக் கொண்டு நியாயப்படுத்த எங்களால் முடியவில்லை.

'18வது அட்சக்கோடு'வை அவர் கடந்த டிசம்பரில் படித்து முடித்தார். விடிந்தால் அறுபது பக்க அட்டவணைகள் போக வேண்டிய இரவு. அதிகாலை நான்கரைக்குக் கடைசிப் பக்கம். ஐந்தே முக்காலுக்குள் மீதியிருந்த மெய்ப்பை முடித்து அனுப்பிவிட்டுப் பகல் பன்னிரண்டுவரை உறங்கினார். நாவல் எப்படி என்று கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பென்சிலைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தாராம்.