பேசியது யாரோடு, அடித்தது யாரை?

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று டிவியில் செய்தி ஓடினால் போதும், ஜலகண்டாபுரம் டீக்கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இவனுங்கள எல்லாம் மிலிட்டரிய விட்டு ஒரே நாள்ல முடிக்கணும்ங்க" என்பது ஒரு கட்சி. "அதெப்படிங்க, கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுனா ஆகாதா?" என்பது இன்னொரு கட்சி. தறிக்குப் போகும் நேரம் வரும்வரை வாதம் நடக்கும். யாரும் கட்சி மாறியதாகச் சரித்திரம் இல்லை. 2025 மே 21ல் மாவோயிஸ்ட் பொதுச்செயலாளர் பசவராஜு கொல்லப்பட்டபோதும் இதே வாதம்தான் நடந்தது.

இந்த வாதத்துக்கு பஸ்தர் வரை போக வேண்டிய அவசியமே இந்த ஊருக்கு இல்லை. மேட்டூர் பஸ் ஏறினால் போதும். அணையைத் தாண்டினால் கொளத்தூர். அதற்கப்பால் பாலாறு, மாநில எல்லை, காடு. அடித்து நொறுக்குவது, உட்கார்ந்து பேசுவது இரண்டையும் இரண்டு மாநில அரசுகள் பத்து வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்த காடு அது. சோதனைக்கு ஆளான வீரப்பன் புதைக்கப்பட்டதும் பக்கத்தில்தான், மேட்டூரை அடுத்த மூலக்காட்டில்.

வீரப்பன் தீவிரவாதியா, கொள்ளைக்காரனா என்று உடனே ஒரு குறுக்குக் கேள்வி வரும். ஆரம்பத்தில் யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும்தான். சந்தேகமே இல்லை. ஆனால் 2000ல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது அவனோடு தமிழ்நாடு விடுதலைப் படையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் காவிரி இருந்தது, பெங்களூரு திருவள்ளுவர் சிலை இருந்தது, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் கூலி கூட இருந்தது. பெயர் என்னவாக இருந்தாலும், ஆயுதத்தோடு காட்டில் இருப்பவனை அரசு எப்படிக் கையாண்டது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

முதலில் 'சுடு' கட்சி. 1993ல் தமிழ்நாடு சிறப்பு அதிரடிப்படை வால்டர் தேவாரம் தலைமையில் இறங்கியது. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் அதிரடிப்படை. நடுவில் எல்லைப் பாதுகாப்புப் படை கூட வந்து போனது. இவ்வளவு பேர் தேடியது சில டஜன் ஆட்களை. அவர்கள் கிடைக்கவில்லை. கிடைத்தது யார் என்றால் ஆடு மேய்த்தவன், சுள்ளி பொறுக்கியவள், அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு மலையேறியவன். "இவ்வளவு அரிசி யாருக்கு?" என்பது அந்த வருடங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய கேள்வி.

மாதேஸ்வரன் மலை முகாமில் நடந்ததைப் பாதிக்கப்பட்டவர்கள் "ஒர்க்‌ஷாப்" என்ற பெயரால்தான் சொல்கிறார்கள். காதிலும் மர்ம உறுப்பிலும் கரண்ட் கொடுத்தது, தலைகீழாகத் தொங்கவிட்டது, பெண்களிடம் நடந்துகொண்ட விதம்... இதெல்லாம் மனித உரிமை அமைப்புக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவில் இருந்த இன்னொருவர் யார் தெரியுமா? சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் சி.வி.நரசிம்மன். போலீஸின் உச்சியில் இருந்தவர். அந்தக் குழு ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கியது. அதன் அறிக்கையை வைத்து 2007ல் ஆணையம் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு தரச் சொன்னது. கதை விட்டவனுக்கா அரசு பணம் கொடுத்தது?

1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியை எடுத்துக்கொள்வோம். 22 பேர் செத்தார்கள். "22 போலீஸ்காரர்களைக் கொன்றவன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தவறு. இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் போலீஸ்காரர்களே அல்ல. தகவல் சொல்லவும் வழிகாட்டவும் அழைத்துப் போகப்பட்ட ஊர்க்காரர்கள். இந்தப் பக்கம் போனால் "இன்ஃபார்மர்" என்று வீரப்பன் கொல்வான், அந்தப் பக்கம் போனால் "அவன் ஆள்" என்று அதிரடிப்படை உரிக்கும். கண்ணிவெடிக்குப் பிறகு தடா சட்டத்தில் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப்போனார்கள். எட்டு வருடம் மைசூரு சிறையில் கிடந்தவர்களில் பெரும்பாலானவர்களை 2001ல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த எட்டு வருடத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

இன்னும் கொஞ்சம் கிழக்கே அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று ஒரு படையே ஊருக்குள் நுழைந்தது. வீடுகளை இடித்தார்கள், தானியத்தை நாசமாக்கினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில். சம்பவம் நடந்து 31 வருடம்! வாச்சாத்திக்காரர்கள் யாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்ல, மலையாளிப் பழங்குடிகள். "கடுமையான நடவடிக்கை" என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கத்துபவர்கள் அது யார் வீட்டில் நடந்தது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

சரி, 'பேசு' கட்சிக்கு வருவோம். இவர்கள் ரொம்ப நல்லவர்கள், ஆனால் இவர்களிடமும் ஒரு கோளாறு இருக்கிறது. இவர்கள் பேசச் சொல்வதும் துப்பாக்கி வைத்திருப்பவனோடுதான்.

அரசு பேசவே இல்லையா என்ன? 1997ல் கர்நாடக வன ஊழியர்கள் 9 பேரைக் கடத்தியபோது நக்கீரன் கோபால் காட்டுக்குள் போனார். 2000 ஜூலை 30ல் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது மறுபடியும் போனார். பின்னர் நெடுமாறனும் போனார். 108 நாள். கருணாநிதியும் எஸ்.எம்.கிருஷ்ணாவும் கலந்து பேசினார்கள். கேசட் வந்தது, கேசட் போனது. தடா கைதிகளை விட இரண்டு அரசுகளும் தயாராகிவிட்டன. கடைசியில், வீரப்பனால் கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் தந்தை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்தார். 2000 நவம்பர் 7ல் தீர்ப்பு. நவம்பர் 15ல் ராஜ்குமார் வெளியே வந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீரப்பனின் கோரிக்கைகளில் ஒன்று அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு. மலையிலிருந்து மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படியேறியவர்களின் பேச்சு எடுபடவில்லை. அதே பேச்சை ஒரு கடத்தல்காரன் கேசட்டில் பதிவு செய்து அனுப்பினால் இரண்டு முதல்வர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். இதிலிருந்து மலைக்கிராமத்துப் பையன் ஒருவன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்?

2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டார். டிசம்பரில் சடலமாகத்தான் கிடைத்தார். "பேசினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பான். ஊரில் வட்டிக்குக் கொடுக்கிறவருக்கே தெரிந்த விஷயம் இது.

அப்படியானால் யாரோடு பேசியிருக்க வேண்டும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போன ஒரு மனிதர் உண்டு. பி.சீனிவாஸ், கர்நாடக வனத்துறை அதிகாரி. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்துக்குப் போய் அங்கேயே தங்கினார். சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார், மாரியம்மன் கோயில் கட்ட உதவினார், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். துப்பாக்கியைக் காட்டி அல்ல, ஊரின் நம்பிக்கையைப் பெற்று வீரப்பனின் ஆட்கள் பலரைச் சரணடைய வைத்தார். 1991 நவம்பரில், வீரப்பனே சரணடைவதாகச் சொன்னதை நம்பி ஆயுதமில்லாமல் போனார். கொன்றான்.

"பாத்தீங்களா, பேசப் போனா இதுதான் கதி" என்று 'சுடு' கட்சி இங்கே துள்ளிக் குதிக்கும். கொஞ்சம் நிதானியுங்கள். சீனிவாஸ் செய்தவை இரண்டு. ஊரோடு பேசினார், அது பலித்தது. வீரப்பனை நம்பினார், அது பலிக்கவில்லை. அவர் படத்தை மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்டது வீரப்பன் பிறந்த அதே ஊர். அரசுகள் என்ன செய்தன? அவருடைய வெற்றியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவருடைய தோல்வியைப் பிடித்துக்கொண்டன. ஊரோடு பேசுவதை நிறுத்தினார்கள், வீரப்பனோடு பேசுவதை ஆரம்பித்தார்கள். அடியை மட்டும் ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"மலைக்காரங்கதானே அவனுக்குச் சோறு போட்டாங்க?" என்று கேட்பார்கள். போட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குத் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவனுக்குச் சோறு போடாமல் என்ன செய்வது? டவுனில் ரவுடிக்கு மாமூல் கொடுக்கும் கடைக்காரரை யாரும் ரவுடி என்று சொல்வதில்லை. பாவம், வியாபாரி என்பார்கள். அந்த "பாவம்" மலையேறும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கத்தில் விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை வீரப்பனையும் அவனோடு இருந்த மூவரையும் சுட்டுக் கொன்றது. (அன்று என்ன நடந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை உண்டு, அது வேறு விஷயம்.) போலீஸ் சொல்லும் கதையையே அப்படியே ஏற்றுக்கொண்டாலும், முடித்தது எது? கூட்டத்துக்குள் அனுப்பிய ஆட்கள், மாதக்கணக்கான பொறுமை, கண் வைத்தியத்துக்கு என்று ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஆம்புலன்ஸ். ஒர்க்‌ஷாப்பில் தொங்கவிடப்பட்ட ஒருவரின் வாக்குமூலத்தால் அது நடக்கவில்லை. அப்படியென்றால் நடுவில் அத்தனை வருடம் அடித்தது எதற்கு?

பரிசும் கொடுத்தார்கள். அதிரடிப்படையினர் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு ரூ.3 லட்சம், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு. பணம் மட்டுமே ரூ.20 கோடியைத் தாண்டும். பல வருடம் காட்டில் கிடந்தவர்களுக்குக் கொடுத்ததைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் பக்கத்துப் பத்தியையும் பார்க்க வேண்டும். இழப்பீடு 89 பேருக்கு ரூ.2.80 கோடி என்றால் சராசரி தலைக்கு ரூ.3 லட்சத்துச் சொச்சம். பரிசும் இழப்பீடும் கிட்டத்தட்ட ஒரே தொகை! ஒன்று சில வாரங்களில் அறிவிக்கப்பட்டது. இன்னொன்றுக்குப் பத்து வருடத்துக்கு மேல். மனை கிடையாது. சித்திரவதை செய்ததாக யார்மீதும் வழக்கும் கிடையாது.

வெளியே பார்த்தாலும் இதே கதைதான். 1966 மார்ச்சில் மிசோரம் கிளர்ச்சியை அடக்க ஐஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு போட்டது. சொந்த நாட்டு நகரத்தின் மேல்! கிராமங்களைக் கலைத்து முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். கிளர்ச்சி இருபது வருடம் நீடித்தது. 1986ல் ஒப்பந்தம் போட்டு லால்டெங்கா முதலமைச்சர் ஆனார். அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது. காரணம், தலைவருக்கு நாற்காலி கொடுத்தது மட்டும் அல்ல. தனி மாநிலம் கிடைத்தது, நிலமும் வழக்காறும் மிசோக்கள் கையிலேயே இருக்கும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குக் கிடைக்க வேண்டியது ஊருக்குக் கிடைத்தது.

வீரப்பன் செத்த அதே 2004 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆந்திர அரசு நக்சலைட்டுகளோடு உட்கார்ந்து பேசியது. 2005 ஜனவரியில் எல்லாம் முறிந்தது. இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று நம்பவில்லை. அந்தப் பேச்சின் சூட்டில் நிலப் பிரச்சினைக்காகப் போட்ட கோனேரு ரங்காராவ் கமிட்டி மட்டும் மிஞ்சியது. அதன் அறிக்கை 2006ல் வந்தது. மேஜையில் துப்பாக்கி பற்றிப் பேசியது காற்றோடு போக, நிலம் பற்றிப் பேசியது காகிதத்திலாவது நின்றது.

சத்தீஸ்கரில் 2005ல் சல்வா ஜுடும் என்ற பெயரில் பழங்குடிப் பையன்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பழங்குடிக் கிராமங்களின் மேல் ஏவினார்கள். அப்படி ஆயுதம் கொடுத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 2011 ஜூலையில் சொன்னது. அடுத்த வருடமே 2012 ஜூனில் சர்கேகுடாவில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. "மாவோயிஸ்டுகள்" என்றது அரசு. அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2019ல் சொன்னது.

பசவராஜு கொல்லப்பட்டதற்கு ஐந்து மாதம் கழித்து, 2025 அக்டோபரில், மல்லோஜுல வேணுகோபால் ராவ் கட்சிரோலியில் 60 பேரோடு சரணடைந்தார். முதலமைச்சரே நேரில் வந்து வரவேற்றார். தப்பில்லை, ஆயுதத்தைக் கீழே வைப்பவரை வரவேற்க வேண்டியதுதான். சர்கேகுடாவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வாசலுக்கு எந்த முதலமைச்சர் அப்படி வந்து நின்றார் என்பதை டீக்கடையின் இரண்டு கட்சிக்காரர்களும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லட்டும்.